மரபணு இருக்கிறது, இழை இருக்கிறதா?

சென்ற இதழில் சிறுநீர்ப் பாதைத் தொற்றைப் பற்றி எழுதும்போது, ‘ஈ. கோலை பாக்டீரியா தன் உடம்பில் முளைக்கும் நுண்ணிழைகளால் சிறுநீர்ப்பைச் சுவரைப் பற்றிக்கொள்கிறது’ என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்குத்தான் இந்த முறை பதில். ஆய்வகத்தில் என் காலம் பெரும்பாலும் இந்த இழைகளோடுதான் கழிந்தது. அதனால் சில பதில்கள் நீளும்.

கேள்வி: முதுகலை நுண்ணுயிரியல் படிக்கிறேன், அம்மா. சிறுநீர்த் தொற்று உள்ளவர்களிடமிருந்து பிரித்தெடுத்த 32 ஈ. கோலை மாதிரிகளில் பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டைப் பெருக்கித் தேடும் சோதனை) செய்தேன். 32-லும் இழையின் நுனிப் புரதத்துக்கான ஃபிம்-ஹெச் மரபணு கிடைத்தது. ‘எனவே இவை அனைத்தும் நோயூட்டும் திறன் கொண்டவை’ என்று முடிவுரையில் எழுதலாமா?

எழுத வேண்டாம், தம்பி. அந்த மரபணு நோய் செய்யாத ஈ. கோலையிலும் இருக்கிறது. உலகத்து ஆய்வகங்களில் எல்லாம் வளர்க்கப்படும் கே-12 என்ற சாதுவான இனத்திலும் இருக்கிறது. குடலில் யாருக்கும் தொந்தரவு தராமல் வாழும் ஈ. கோலைகளிலும் பெரும்பாலானவற்றில் இருக்கிறது. 32-க்கு 32 கிடைத்தது உங்கள் பிசிஆர் ஒழுங்காக வேலை செய்தது என்பதைக் காட்டுகிறது. அதற்கு மேல் அது எதையும் சொல்லவில்லை.

ஏன் என்று விளக்குகிறேன். ஃபிம் என்பது இந்த இழைக்காக வரிசையாக அமைந்த ஒன்பது மரபணுக்களின் தொகுப்பு. முதல் இரண்டும், அதாவது ஃபிம்-பி, ஃபிம்-இ ஆகியவை, இழையின் எந்தப் பாகத்தையும் செய்வதில்லை. அவற்றை அடுத்து 314 எழுத்து நீளமுள்ள ஒரு டிஎன்ஏ துண்டு. அதன் இரு முனைகளிலும் ஒன்பது எழுத்துகள், ஒன்றுக்கொன்று திரும்பிப் பார்த்தபடி. இந்தத் துண்டுக்குள்தான் ‘இங்கிருந்து படி’ என்று சொல்லும் புரோமோட்டர் உட்கார்ந்திருக்கிறது. ஃபிம்-பியும் ஃபிம்-இயும் செய்யும் நொதிகள் இந்தத் துண்டை வெட்டி, முன்பின்னாகத் திருப்பி, மறுபடி ஒட்டிவிடும். ஒரு திசையில் இருந்தால் புரோமோட்டர் இழை மரபணுக்களைப் பார்க்கும், இழை முளைக்கும். மறு திசையில் இருந்தால் வெறும் சுவரைப் பார்த்து நிற்கும், செல் மொட்டையாக இருக்கும். ஃபிம்-பி இரண்டு பக்கமும் திருப்பக் கூடியது. ஃபிம்-இ பெரும்பாலும் மூடுகிற வேலையைத்தான் செய்கிறது. ஒரே தாய்ச் செல்லின் பிள்ளைகளில் சில இழையோடும் சில இழையில்லாமலும் இருப்பது இதனால்தான். ஃபிம்-ஹெச்சுக்கான உங்கள் பிசிஆருக்கோ இரண்டும் ஒன்றுதான்.

இதை நான் புத்தகத்திலிருந்து கற்கவில்லை. ஆய்வு மாணவியாகச் சேர்ந்த முதல் ஆண்டு, ஈஸ்ட் கரைசலில் ஈ. கோலையைக் கலந்து அது திரள்கிறதா என்று பார்க்கும் எளிய சோதனையைக் கொடுத்தார்கள். ஈஸ்ட்டின் சுவரில் மேனோஸ் என்ற சர்க்கரை நிறைய உண்டு. இழையின் நுனியில் இருக்கும் ஃபிம்-ஹெச் புரதம் அதைப் பிடித்துக்கொள்ளும். கண்ணாடித் தகட்டை மெல்ல ஆட்டினால் பால் போலிருந்த துளி நுண்மணல் போலத் திரிய வேண்டும். எனக்குத் திரியவே இல்லை. அகார் என்ற கெட்டி ஊடகத் தட்டில் இருந்து எடுத்துக் கலந்தேன், இல்லை. பிராத் என்ற திரவ ஊடகத்தில் போட்டு, குழாயை ஆட்டும் கருவியான ஆட்டியில் வைத்து வளர்த்தேன், இல்லை. நான்கு மாதம் போனது. மாதிரிகளே தவறானவை என்று எழுதத் தொடங்கிவிட்டேன். அங்கே பல வருடம் வேலை பார்த்த ஆய்வக உதவியாளர் ஒருவர் ஒருநாள் என் குழாய்களைப் பார்த்துவிட்டு, “ஆட்டாதீங்க பாப்பா, பிராத்துல போட்டு ரெண்டு நாள் சும்மா விடுங்க. மேலே ஆடை கட்டும், அதை எடுத்துப் பாருங்க” என்றார். ஆடை கட்டியது. ஒரு நிமிடத்தில் துளி திரிந்தது. பக்கத்துத் துளியில் கொஞ்சம் மேனோஸ் கரைத்துப் பார்த்தேன், அது பால் போலவே நின்றது. அன்றைக்குத் தகட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. அசையாத பிராத்தில் ஆக்சிஜன் மேற்பரப்பில்தான் தாராளம். இழை உள்ள செல்கள் ஒன்றோடொன்று பிடித்து மேலே ஆடையாக மிதக்கும். மூச்சு முட்டாத இடம் அவற்றுக்குக் கிடைப்பதால் பெருகி முந்திவிடும். அகார் தட்டில் அந்த அனுகூலம் இல்லை. அங்கே மொட்டைச் செல்கள்தான் பெரும்பான்மை. மரபணு முதலிலிருந்தே அங்கேதான் இருந்தது, தம்பி. நான்கு மாதமும் இருந்தது.

உங்கள் ஆய்வுக்கு இரண்டு காரியம் செய்யுங்கள். 32 மாதிரிகளையும் அசையாத பிராத்தில் 48 மணி நேரம் வளர்த்து, மேனோஸ் சேர்த்தும் சேர்க்காமலும் திரள் சோதனை செய்யுங்கள். பிசிஆரைக் கைவிட வேண்டாம். அந்த 314 எழுத்துத் துண்டை உள்ளடக்கிப் பெருக்கி, ஹின்-எஃப்-ஒன் என்ற வெட்டு நொதியால் வெட்டினால், சுவிட்ச் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பது ஜெல்லில் துண்டுகளின் நீளத்திலேயே தெரியும். கூடவே பேப் என்ற இன்னொரு இழைத் தொகுப்பையும் தேடுங்கள். அது எல்லா ஈ. கோலையிலும் இருப்பதில்லை. சிறுநீரகம் வரை ஏறிய தொற்றுகளில் கிடைக்கும் இனங்களில், சாதாரணக் குடல் இனங்களை விட அதிகமாகக் காணப்படுகிறது. அதன் நுனிப் புரதமான பேப்-ஜி, இரண்டு கேலக்டோஸ் சேர்ந்த அமைப்பைப் பிடிக்கும். அந்தச் சர்க்கரை ‘பி’ இரத்தத் தொகுதியைச் சேர்ந்தது. (ஏ, பி, ஓ-வில் வரும் பி வேறு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒரே எழுத்தாகிவிடுவதால் மாணவர்கள் தேர்வில் குழம்புவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.) பேப்பில் சுவிட்ச் முறையே வேறு. துண்டைத் திருப்புவதில்லை. டிஎன்ஏவின் இரண்டு குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக் குழு ஒட்டியிருக்கிறதா, எல்ஆர்பி என்ற புரதம் அங்கே அமர்ந்திருக்கிறதா என்பதைப் பொறுத்துத் திறக்கும், மூடும்.

கேள்வி: பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன், மேடம். பாடப் புத்தகத்தில் ‘மயிர் போன்ற நீட்சிகள்’ என்று ஒரே வரிதான் இருக்கிறது. முடி போலவே வளருமா என்று மாணவிகள் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

ஒரு விதத்தில் ஆமாம் என்று சொல்லுங்கள். முடியைப் போல இதுவும் அடியில் இருந்துதான் வளர்கிறது, நுனி முதலில் வெளியே வந்துவிடும். ஒப்புமை அவ்வளவுதான்.

இதுவரை நான் ஃபிம் இழை என்று சொல்லிவந்ததன் பெயர் முதல் வகை ஃபிம்பிரியா. அது ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனும் ஒன்று முதல் இரண்டு மைக்ரோமீட்டர் நீளமும் உள்ளது. பாக்டீரியாவின் நீளமே இரண்டு மைக்ரோமீட்டர்தான் என்பதால், தன் உயரத்துக்குத் தானே நீட்டும் கை என்று வைத்துக்கொள்ளலாம். தண்டு முழுவதும் ஃபிம்-ஏ என்ற ஒரே புரதம், ஆயிரம் பிரதிகள் அளவில், சுருள்வில் போலச் சுற்றியிருக்கிறது. நுனியில் ஃபிம்-எஃப், ஃபிம்-ஜி, கடைசியில் ஃபிம்-ஹெச் ஒன்றே ஒன்று. ஒட்டுவது அந்த ஒன்றுதான். மரபணு வரிசையில் ஃபிம்-ஹெச் கடைசியில் எழுதப்பட்டிருந்தாலும், கட்டும்போது அதுதான் முதலில் வெளியேறுகிறது.

மாணவிகளுக்கு நான் விரும்பிச் சொல்லும் பகுதி கட்டுமானம். இந்தப் புரதங்கள் ஒவ்வொன்றும் தன் மடிப்பில் ஒரு பட்டை குறைவாகப் பிறக்கின்றன. மடிப்பின் நடுவே ஒரு பள்ளம் திறந்தே கிடக்கும், அப்படியே விட்டால் குலைந்துபோகும். ஃபிம்-சி என்ற துணைப் புரதம் தன் பட்டையை அந்தப் பள்ளத்தில் செருகித் தற்காலிகமாகத் தாங்குகிறது. வெளிச் சவ்வில் ஃபிம்-டி என்ற வாசல் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விட்டதும், அடுத்து வரும் புரதம் தன் வால் பகுதியை முந்தியதன் பள்ளத்தில் நுழைக்கும். துணைப் புரதம் விலகிக்கொள்ளும். இப்படி ஒன்றின் குறையை அடுத்தது நிரப்பி நிரப்பியே தண்டு நீள்கிறது. பாக்டீரியாவின் இரண்டு சவ்வுகளுக்கு நடுவே, செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறு கிடையாது. அரைகுறை மடிப்பிலிருந்து முழு மடிப்புக்குப் போகும்போது விடுபடும் ஆற்றலிலேயே வேலை நடந்துவிடுகிறது. 1999-இல் படிகக் கட்டமைப்புகள் வெளியானபோது இது தெளிவானது. அந்தப் படங்களைப் பார்த்த அன்று எங்கள் ஆய்வகத்தில் வேறு வேலை நடக்கவில்லை.

பெயர்க் குழப்பத்தையும் சேர்த்துத் தீர்த்துவிடுகிறேன். ஃபிம்பிரியே என்ற பெயரை டூகிட் குழுவினர் 1955-இல் வைத்தார்கள். பைலை (ஒருமையில் பைலஸ்) என்பதை பிரிண்டன் 1959-இல் வைத்தார். இரண்டும் புழக்கத்தில் நிலைத்துவிட்டன. தேர்வில் எதை எழுதினாலும் மதிப்பெண் கொடுங்கள்.

கேள்வி: கசையிழையும் இதுவும் ஒன்றுதானா?

இல்லை. கசையிழை சுழன்று நீந்துவதற்கு, ஃபிம்பிரியா பிடிப்பதற்கு. மரபணுக்களும் வேறு, கட்டும் முறையும் வேறு.

கேள்வி: எனக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு முறை சிறுநீர்த் தொற்று வருகிறது. நிறையத் தண்ணீர் குடித்தால் கிருமியை அடித்துக்கொண்டு போய்விடாதா? டி-மேனோஸ் பொடி சாப்பிட்டால் கிருமி ஒட்டாது என்கிறார்களே, நம்பலாமா?

உங்கள் சிரமம் புரிகிறது, சகோதரி. இதை அனுபவித்தவர்களுக்குத்தான் அதன் அலுப்பு தெரியும். இரண்டு கேள்விக்கும் தனித்தனியே வருகிறேன்.

அடித்துக்கொண்டு போவது நாம் நினைக்கிற அளவுக்கு எளிதல்ல. ஃபிம்-ஹெச்சின் பிடி சுருக்குக் கண்ணி மாதிரி. இழுக்காதபோது தளர்வாக இருக்கும், இழுக்க இழுக்க இறுகும். புரதத்தின் இரண்டு பாதிகளை ஓட்டத்தின் விசை பிரிக்கும்போது, சர்க்கரையைப் பிடித்திருக்கும் பாதி வடிவம் மாறிக் கெட்டியாகிறது. 2002-இல் இதைச் சோதனையில் காட்டினார்கள். ஓட்டம் குறைந்தால் பிடி தளர்ந்து மெல்ல நகரும், ஓட்டம் கூடினால் நின்றுவிடும். போதாததற்கு அந்தச் சுருள்வில் தண்டு விரிந்து கொடுத்து அதிர்ச்சியைத் தாங்கும்.

அப்படியானால் தண்ணீரால் பயனில்லையா என்றால், பயன் உண்டு. குறைவாகத் தண்ணீர் குடிக்கும், அடிக்கடித் தொற்று வரும் 140 பெண்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. ஒரு பாதியினர் வழக்கத்தைவிட நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடித்தார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. ஒட்டிக்கொண்டதைப் பிடுங்க முடியாவிட்டாலும், ஒட்டாமல் மிதப்பவற்றை, அந்த மொட்டைச் செல்களை, வெளியேற்ற முடியும் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் அளவைக் கூட்டாதீர்கள்.

மேனோஸ் விஷயத்தில் என் மனம் அதன் பக்கம்தான் இருந்தது. என் தகட்டில் ஒரு துளி மேனோஸ் திரளைத் தடுத்ததைக் கண்ணால் கண்டவள் நான். ஓஃபெக், மிரெல்மன், ஷாரன் மூவரும் 1977-இல் மனிதச் செல்களில் ஈ. கோலை ஒட்டுவது மேனோஸ் வழியாகத்தான் என்று எழுதினார்கள். 1979-இல் எலிகளின் சிறுநீர்ப்பைக்குள் கிருமியோடு மேனோஸ் வகைச் சர்க்கரை ஒன்றைச் சேர்த்துச் செலுத்தியபோது தொற்று குறைந்தது. உடம்பும் இதே வழியைப் பின்பற்றுகிறது. சிறுநீரகம் யூரோமோடுலின் என்ற புரதத்தைச் சிறுநீரில் கலந்துவிடுகிறது. மேனோஸ் நிறைந்த சர்க்கரைக் கிளை அதில் உண்டு. கிருமியின் நுனி சுவரைத் தொடுமுன் இதைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். ஆனால் வாயால் சாப்பிடும் பொடியைச் சரியாகச் சோதித்த பெரிய ஆய்வு பிரிட்டனில் நடந்து 2024-இல் வெளியானது. 598 பெண்கள், ஆறு மாதம், நாளுக்கு 2 கிராம். மேனோஸ் எடுத்தவர்களில் 51 சதவீதம் பேர் மீண்டும் தொற்று என்று மருத்துவ உதவியை நாடினார்கள், போலிப்பொடி எடுத்தவர்களில் 55.7 சதவீதம். அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. அதனால் அதற்காகப் பணம் செலவழிக்கச் சொல்ல என்னால் முடியாது. தனி மேனோஸ் ஃபிம்-ஹெச்சில் மெலிதாகத்தான் உட்காரும். சிறுநீர்ப்பைச் சுவரிலோ யூரோபிளாகின் புரதங்கள் மேனோஸை அடுக்கடுக்காக நீட்டிக்கொண்டு நிற்கின்றன. போட்டி சமமில்லை. ஃபிம்-ஹெச்சில் பல மடங்கு இறுக்கமாக உட்காரும்படி வடிவமைத்த மேனோசைடு என்ற மூலக்கூறுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. என் நம்பிக்கை அந்தப் பக்கம்.

இன்னொன்று. ஒட்டிய கிருமி சுவரின் மேலேயே நிற்பதில்லை. மேலடுக்குச் செல்லுக்குள் நுழைந்து கூட்டமாகப் பெருகுவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். மருந்தை இரண்டு நாளில் நிறுத்தாதீர்கள் என்று மருத்துவர் சொன்னால், சொன்ன நாள் வரை எடுங்கள். காய்ச்சலோ விலாவில் வலியோ வந்தால் அன்றைக்கே போங்கள். அது மேலே ஏறியதன் அறிகுறி.

கேள்வி: கால்நடை மருத்துவ மாணவி நான். பன்றிக்குட்டிகளுக்குப் பிறந்த சில நாளில் வரும் கழிச்சலைத் தடுக்கத் தாய்ப்பன்றிக்குப் போடும் ஊசியில் ஈ. கோலையின் இழைப் புரதம் இருப்பதாகப் படித்தேன். மனித நோய்களுக்கு ஏன் இப்படிச் செய்யக்கூடாது?

நல்ல கேள்வி, அம்மா. உங்கள் துறைதான் இதில் வழிகாட்டி. கே-88 என்ற அந்த இழையின் மரபணுக்கள், குரோமோசோமுக்கு வெளியே தனியாக இருக்கும் டிஎன்ஏ வளையமான பிளாஸ்மிடில் இருக்கின்றன. 1971-இல் வில்லியம்ஸ் ஸ்மித்தும் லிங்குட்டும் அந்தப் பிளாஸ்மிடை மட்டும் நீக்கிவிட்டுக் குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நச்சு செய்யும் திறன் அப்படியே இருந்தும் கழிச்சல் வரவில்லை. பிளாஸ்மிடைத் திரும்பக் கொடுத்ததும் வந்தது. குடல் சுவரில் நிற்க முடியாத கிருமி நச்சோடு கழுவுபட்டுப் போய்விடுகிறது.

சில குட்டிகளுக்கு இந்த நோய் வருவதே இல்லை. அவற்றின் குடலில் கே-88 பிடிக்கும் ஏற்பி கிடையாது. ஏற்பி இருப்பது ஓங்குபண்பு. இதில் ஒரு சிக்கல் உண்டு, வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஏற்பி இல்லாத தாய், ஏற்பி உள்ள தந்தை என்றால் குட்டிகளுக்கு ஏற்பி வந்துவிடும். தாயின் குடலிலோ அந்தக் கிருமி குடியேறியதே இல்லை. எனவே சீம்பாலில் எதிர்ப்பொருள் இருக்காது. ஊசி மிகவும் தேவைப்படுவது அந்தக் குட்டிகளுக்குத்தான்.

மனிதர்களில் முயன்றார்கள். கோனோரியா கிருமியின் இழையைச் சுத்திகரித்துச் செய்த தடுப்பூசியை, கொரியாவில் இருந்த அமெரிக்கப் படையினர் 3,000-க்கும் மேற்பட்டோரிடம் சோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதுகாப்பு கிடைக்கவில்லை. அந்தக் கிருமியிடம் இழைப் புரதத்தைச் செய்யும், அதாவது ‘பேசும்’ மரபணு ஒன்று இருக்கிறது, பெயர் பைல்-இ. பைல்-எஸ் என்ற, புரதம் எதையும் செய்யாத ஊமைப் பிரதிகள் பல, குரோமோசோமில் ஆங்காங்கே கிடக்கின்றன. அவ்வப்போது ஓர் ஊமைப் பிரதியின் ஒரு பகுதி பைல்-இக்குள் நகலாகும். ஊமைப் பிரதி மாறாது, பேசும் மரபணு மட்டும் புதிய முகத்தோடு நிற்கும். ஒரு முகத்துக்குச் செய்த எதிர்ப்பொருளுக்கு அடுத்த முகம் தெரியாது. கே-88-க்கு இருப்பது சில வகைகள்தான், அவற்றை ஒரே ஊசியில் சேர்த்துவிடலாம். எந்த இழைப் புரதத்தைத் தடுப்பூசிக்கு எடுத்தாலும், அதற்குப் பின்னால் ஊமைப் பிரதிகள் உண்டா என்று முதலில் மரபணுத் தொகுதியைத் தேடிப் பார்க்க வேண்டும் என்பேன்.

கேள்வி: காலராக் கிருமியின் நச்சு மரபணு ஒரு வைரஸ் கொண்டுவந்தது என்று படித்தேன். அதற்கும் இழைக்கும் தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. 1987-இல் டெய்லர், மெக்கலானோஸ் குழுவினர் காலராக் கிருமியில் டிசிபி என்ற இழையைக் கண்டார்கள். நச்சு சுரக்கும் அதே சூழலில் அதுவும் முளைப்பதால் ‘நச்சோடு இணைந்து இயங்கும் பைலஸ்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். டாக்ஸ்-டி என்ற ஒரே புரதம் இரண்டையும் இயக்குகிறது. இந்த இழைகள் கிருமிகளை ஒன்றோடொன்று கோத்துக் குடலில் சிறு கூட்டங்களாக்குகின்றன. 1988-இல் மனிதத் தன்னார்வலர்களிடம் டிசிபி இழந்த கிருமியைக் கொடுத்துப் பார்த்தபோது அது குடலில் தங்கவே இல்லை. பிறகு 1996-இல் வால்டாரும் மெக்கலானோஸும், நச்சு மரபணுவைச் சுமக்கும் பாக்டீரியா வைரஸ் எதைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைகிறது என்று காட்டினார்கள். அது பிடிப்பதும் டிசிபி இழையைத்தான். இழை முதலில் வந்திருக்க வேண்டும், அந்த வழியாக நச்சு வந்திருக்க வேண்டும்.

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு இதில் ஒரு தகவல். எல் டோர் வகைக் காலராக் கிருமியை ஆய்வகத்தில் சாதாரணமாக வளர்த்தால் டிசிபி சரியாகக் கிடைக்காது. ஏகேஐ என்ற முறையில் வளர்க்கிறார்கள். முதல் நான்கு மணி நேரம் குழாயை அசைக்காமல் அப்படியே விட வேண்டும். அதன் பிறகுதான் ஆட்டியில் வைப்பார்கள்.